பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் வீடு: ஃபிரெஞ்சு புல்டாக் வளர்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு

வௌவால் காதும் சப்பை மூக்கும் கொண்ட ஃபிரெஞ்சு புல்டாக் குட்டி ஒன்றைக் கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு, இதையேதான் வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கும் வீடுகள் சென்னையிலும் கோவையிலும் இப்போது நிறையவே இருக்கின்றன. பிள்ளைகளின் ஆசையில் தவறில்லை. அடுக்குமாடி வீட்டுக்குள் அடங்கும் உடல், காரணமின்றிக் குரைக்காத சுபாவம், வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும் குணம், மைல்கணக்கில் ஓடவிட வேண்டிய தேவையின்மை என்று இந்த இனத்தைப் பற்றிச் சொல்லப்படும் நல்லவை பெரும்பாலும் உண்மைதான். அமெரிக்காவில் 31 ஆண்டுகள் அசையாமல் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரை 2022ஆம் ஆண்டின் பதிவுக் கணக்கில் பின்தள்ளியது இந்தச் சிறிய நாய்தான்.

ஆனால் நம் ஊரில் இதை வளர்க்கலாமா என்பதைத் தீர்மானிப்பது இதன் குணம் அல்ல, இதன் மூச்சு. என் அக்காவின் வீட்டில் ‘போண்டா’ என்ற பெயரில் ஒரு ஃபிரெஞ்சு புல்டாக் ஆறு ஆண்டுகளாக வளர்கிறது. வாங்கும்போது எங்களுக்குத் தெரியாமல் இருந்தவற்றையும், பின்னர் மருத்துவர்களிடமும் மின்வெட்டு நாட்களிலும் கற்றுக்கொண்டவற்றையும், எந்த வரிசையில் யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: அந்த முகம் எதனால் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் லேஸ் பின்னிப் பிழைத்த தொழிலாளர்கள், இயந்திரங்கள் வந்து வேலை குறைந்தபோது பிரான்சின் வடபகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். தங்கள் குட்டை புல்டாக்குகளையும் உடன் கொண்டுபோனார்கள். அந்த நாய்களைப் பாரிஸ் நகரத்தார் விரும்பி வளர்த்தார்கள். விறைத்து நிற்கும் வௌவால் காது இனத்தின் அடையாளமாக நிலைபெற்றதில் அமெரிக்கர்களுக்குப் பங்கு உண்டு. 1897இல் அங்கே தொடங்கிய ஃபிரெஞ்சு புல்டாக் சங்கம் அந்தக் காதையே வற்புறுத்தியது. இந்த வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: இது குளிர்ந்த நாடுகளில், மடியிலும் வரவேற்பறையிலும் இருப்பதற்கென்று உருவாக்கப்பட்ட நாய்; சித்திரை வெயில் இதன் கணக்கிலேயே இல்லை.

முகத்தைச் சுருக்கியவர்கள் எலும்பைச் சுருக்கினார்களே தவிர, உள்ளே இருக்கும் சதை அதே அளவில் சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் கீறல்போல ஒடுங்கியிருக்கும். வாயின் மேற்புறத்தில் தொங்கும் மென்சதை நீண்டு குரல்வளையின் வாயில் விழும். சில நாய்களுக்கு மூச்சுக்குழாயே குறுகலாக இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து தரும் மூச்சுத் தடையை மருத்துவர்கள் சுருக்கமாக ‘போவாஸ்’ என்பார்கள். பலர் கைப்பேசியில் படம்பிடித்துச் சிரிக்கும் அந்தக் குறட்டை, பல நேரங்களில் நாய் காற்றுக்குப் போராடும் சத்தம் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். எல்லா ஃபிரெஞ்சு புல்டாக்குகளுக்கும் இது கடுமையாக இருப்பதில்லை. ஏறக்குறைய இயல்பாக மூச்சுவிடும் நாய்களும் உண்டு, படுத்தால் தூங்கவே முடியாமல் உட்கார்ந்தபடி கண்ணயரும் நாய்களும் உண்டு. அந்த வேறுபாட்டைக் கண்டறிவதுதான் வாங்குபவரின் முதன்மையான வேலை. அதை எப்படிச் செய்வது என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: நாயைப் பார்க்கும் முன் வீட்டை அளந்து பாருங்கள்

மனிதருக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டுமே சிறிது வியர்க்கும். உடம்புச் சூட்டை இறக்க நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிறது. மூக்கின் உட்புறத்திலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு குறைகிறது. ஃபிரெஞ்சு புல்டாக்குக்கு மூக்கின் உட்புறம் மிகச் சிறியது. காற்று போகும் வழியும் ஒடுங்கியது. ஆகவே அது மற்ற நாய்களைவிட வேகமாக இரைக்க வேண்டும், வேகமாக இரைப்பதே உடலுக்கு உழைப்பாகி மேலும் சூட்டை உண்டாக்கும், தொண்டைச் சதை வீங்கி வழி இன்னும் அடையும் என்று ஒன்று மற்றொன்றைத் தூண்டிக்கொண்டே போகும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் ஆவியாதலே மந்தமாக நடப்பதால், வெப்பமானியில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் அடைய முடியாது.

அதனால் குட்டி பார்க்கக் கிளம்புவதற்கு முன் ஒரு சாதாரண அறை வெப்பமானியை வாங்கி, நாய் படுக்கப்போகும் இடத்தில் தரையோடு ஒட்டி வைத்து, ஒரு வாரம் பிற்பகல் மூன்று மணிக்கு அது காட்டும் அளவைக் குறித்து வையுங்கள். மேல் மாடியில், மேற்குப் பார்த்த சுவரோடு உள்ள வீடுகளில் அந்த எண் உங்களையே திகைக்க வைக்கும். பிறகு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பார்களா? ஆளில்லாத நேரத்திலும் ஏசி ஓடுமா? மின்சாரம் போனால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு என்ன ஏற்பாடு? அக்கா வீட்டில் அறை 28 டிகிரியைத் தாண்டினால் ஏசி போடுவது என்று வழக்கம் வைத்திருக்கிறார்கள். இதனால் மார்ச் முதல் அக்டோபர் வரை மின் அளவியில் 500 யூனிட்டைத் தாண்டாத இருமாதம் கிடையாது. அந்த எல்லையைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது தமிழ்நாட்டில் வீடு நடத்தும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மின்வெட்டைப் பற்றி ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். போண்டாவுக்கு இரண்டு வயது நடந்த ஆண்டு, அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு மதியம் மின்சாரம் போனது. இன்வெர்ட்டரில் மின்விசிறி மட்டும் சுழன்றது. நாய் முதலில் குளியலறை வாசலில் வயிற்றைத் தரையில் அழுத்தி, பின்கால்களைத் தவளைபோலப் பரப்பிப் படுத்தது. அது வழக்கமானதே என்று விட்டுவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்து நடந்தபோது கால் தடுமாறியது, வாயோரத்தில் பசைபோல எச்சில் நூலாகத் தொங்கியது, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. அக்கா பதறிப்போய் ஈரத்துண்டை உடல் முழுக்கச் சுற்றி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினாள். மருத்துவர் முதல் வார்த்தையாக, “துண்டை எடுங்கம்மா, சூடு உள்ளேயே நிக்குது” என்றார். உடம்பின் இயல்பான சூடு ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டிய நாய்க்கு அப்போது 41ஐத் தாண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது.

அன்று கற்ற பாடத்தை முறையாகவே எழுதிவிடுகிறேன். வெப்பத் தாக்குதலின் அறிகுறி தெரிந்தவுடன் நாயை நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, காற்று படும்படி மின்விசிறியின் கீழ் நிறுத்த வேண்டும். நனைத்த துண்டால் மூடி வைக்கக் கூடாது. மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டவும் கூடாது. முதலில் குளிர்விப்பு, அதன் பின் பயணம் என்பதே வரிசை. வாகனத்தில் போகும்போதும் ஜன்னலைத் திறந்து அல்லது ஏசியைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். இந்தப் பத்தியைப் படித்ததும் இவ்வளவு பொறுப்பு நமக்கு வேண்டாம் என்று தோன்றினால், அந்தத் தோன்றலுக்கு மதிப்புக் கொடுங்கள். நாயின் மேல் பாசம் இல்லாததற்கு அது அடையாளம் அல்ல.

மூன்றாம் படி: வீட்டில் உள்ளவர்களைக் கணக்கில் எடுங்கள்

இந்த நாய்க்கு மனிதர் துணை வேண்டும். காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு மாலை ஏழு மணிக்குத் திரும்பும் வீட்டில் இது மனத்தாலும் வாடும், மேலே சொன்ன காரணத்தால் உடலாலும் ஆபத்தில் இருக்கும். பகலில் தாத்தா பாட்டி இருக்கும் வீடு பொருத்தமாகத் தோன்றும்; ஆனால் 12 கிலோ எடையுள்ள, தரையோடு தரையாகக் காலுக்குள் புகுந்து வரும் ஒரு நாய், மூட்டு வலியுள்ள முதியவரைத் தடுக்கி விழவைக்கும் வாய்ப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இது கைக்குள் அடங்கும் பொமரேனியன் அல்ல. குட்டையாக இருந்தாலும் கல்லைப்போலக் கனக்கும்; மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏற யாருக்குத் தெம்பு இருக்கிறது என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளோடு இது பழகும் விதம் மனத்துக்கு நிறைவானது. இருந்தாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஓர் அறையில் விடக் கூடாது என்பது எல்லா இனத்துக்கும் பொதுவான விதி. இந்த இனத்துக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு: விளையாட்டு மும்முரத்தில் நாய் தானாக நிறுத்தாது, பிள்ளையும் நிறுத்தாது. பந்து எறிந்து விளையாடும்போது இரைப்பு கரகரவென்று மாறினால் உடனே நிறுத்த வேண்டும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமானால் நல்லது.

சமையலறைப் பழக்கமும் இதில் சேர்ந்தது. நாய்க்கு வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு. நம் வீடுகளில் சாக்லேட்டைவிடப் பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கிடக்கும் காய்ந்த திராட்சையும், சாம்பார் சாதத்தில் கரைந்துபோன சின்ன வெங்காயமும்தான் உண்மையான ஆபத்து. மிச்சத்தை நாய்க்கு வைப்பதைப் பரம்பரை வழக்கமாகக் கொண்ட பாட்டியிடம் இதைப் பக்குவமாகப் பேச வேண்டியிருக்கும். மேலும், எடை கூடினால் தொண்டையைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்து மூச்சு இன்னும் அடைபடும். ஆகையால் அளந்து போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நான்காம் படி: அன்றாட வேலையையும் வருங்காலச் செலவையும் எழுதிப் பாருங்கள்

முகத்து மடிப்புகளைத் தினமும் துடைத்து, ஈரமில்லாமல் காய வைக்க வேண்டும். வால் சுருண்டு உள்ளே புதைந்த நாய்களுக்கு வாலடியில் ஒரு குழி இருக்கும். அதைப் பலர் கவனிப்பதே இல்லை. போண்டாவின் உடலிலிருந்து ஒரு மழைக்காலத்தில் புளித்த இட்லி மாவின் வாடை வந்துகொண்டே இருந்தது. குளிப்பாட்டியும் போகவில்லை. கடைசியில் மருத்துவர் விரலில் பஞ்சைச் சுற்றி அந்த வால் குழிக்குள் விட்டு எடுத்தபோது பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று வந்தது, பூஞ்சைத் தொற்று. அன்றிலிருந்து பழைய வேட்டித் துணியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்கள்; காலை காபிக்குப் பிறகு முகத்துக்கு ஒரு துண்டு, வாலுக்கு ஒரு துண்டு. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் ஒரு நாளும் விடுமுறை இல்லாத வேலை.

கண்கள் முன்தள்ளி இருப்பதால் கீறல் எளிதில் படும். வீட்டில் ஈர்க்குச்சி விளக்குமாறு சாய்த்து வைக்கும் இடம் சரியாக இதன் கண் மட்டத்தில் இருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கண்ணைச் சுருக்கினாலோ நீர் வடிந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. கருவிழிப் புண் விரைவில் ஆழமாகிவிடும். ஒவ்வாமையால் வரும் தோல் அரிப்பும் காதுத் தொற்றும் இந்த இனத்தில் அடிக்கடி காண்பவை.

முதுகெலும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாலைச் சுருள வைத்த அதே வளர்ச்சிக் கோளாறு முதுகின் சில எலும்புகளையும் கோணலாக்கிவிடுகிறது. இடையிலுள்ள டிஸ்க் நகர்வதும் இந்த இனத்தில் அதிகம். சோபாவிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிப்பதைக் குட்டியிலிருந்தே தடுக்க வேண்டும். ஒரு நாள் திடீரெனப் பின்கால் இழுபட்டால் அது அவசர சிகிச்சைக்கு உரியது, மணிக்கணக்கு முக்கியம்.

செலவென்று பார்த்தால் குட்டியின் விலை ஒரு தொடக்கம் மட்டுமே. தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உணவு என்று எல்லா நாய்க்கும் ஆகும் செலவோடு, மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி மென்சதையை வெட்டும் அறுவை சிகிச்சை ஒன்று தேவைப்படக்கூடும் என்று முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதிலும், குறிப்பாக மயக்கம் தெளியும் நேரத்திலும், கூடுதல் கவனம் வேண்டும். கருத்தடை போன்ற சாதாரண அறுவைக்கும் இந்த இனத்தில் பழகிய மருத்துவரையே நாட வேண்டும். நாய் வருவதற்கு முன்பே அருகில் உள்ள கால்நடை மருத்துவமனைகளில் ஆக்சிஜன் வசதி எங்கே உண்டு, இரவில் எது திறந்திருக்கும் என்று விசாரித்து எழுதி வைப்பது நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஒரு பெரிய துணை.

ஆயுளைப் பற்றிக் கேட்டால் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் என்பார்கள். இங்கிலாந்தின் அரச கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணக்கில், பிறப்பிலிருந்து எதிர்பார்க்கும் ஆயுள் இந்த இனத்துக்கு வெறும் நாலரை ஆண்டு என்று வந்தது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இனம் திடீரெனப் பிரபலமானதால் அங்கே இருந்த ஃபிரெஞ்சு புல்டாக்குகளில் பெரும்பாலானவை இளம் நாய்கள், ஆகவே இறந்தவற்றிலும் இளம் நாய்களே மிகுதியாக இருந்தன. ஆனாலும் ஆய்வில் இருந்த 18 இனங்களில் இதுவே கடைசி என்பதை ஒதுக்கித் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

வெளியூர்ப் பயணமும் இந்தக் கணக்கில் சேரும். பல விமான நிறுவனங்கள் சப்பை மூக்கு இனங்களைச் சரக்குப் பகுதியில் ஏற்க மறுக்கின்றன. ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் தனி அறை முழுவதையும் பதிவு செய்தால் உடன் கொண்டுபோகலாம். கார்டு பெட்டியிலுள்ள நாய்க் கூண்டில் அனுப்பலாம் என்ற வழியை இந்த நாய்க்கு நினைக்கவே வேண்டாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் குடும்பமாக இருந்தால், யார் வீட்டில் விட்டுச் செல்வது என்ற பேச்சை நாய் வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: விற்பவரிடம் தாயைக் காட்டச் சொல்லுங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் மனம் மாறவில்லை என்றால் குட்டி பார்க்கப் போகலாம். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்த மாநிலத்தின் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று 11 இனங்களைப் பட்டியலிட்டு அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் ஆகியவற்றோடு ஃபிரெஞ்சு புல்டாக்கும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாய் வளர்ப்போர் தரப்பில் எதிர்ப்பு எழுந்து விஷயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. வாங்கும் நாளில் எந்த விதி நடப்பில் உள்ளது என்பதைக் கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாடு முழுவதற்கும் பொருந்தும் 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி, குட்டிகளை விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்ட உடனே குரல் மாறும் விற்பனையாளரிடமிருந்து அங்கேயே விடைபெறலாம்.

குட்டியின் மூச்சை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூச்சுத் தடை பெரும்பாலும் வளர வளரத்தான் வெளிப்படும். எனவே தாயைப் பார்க்க வேண்டும், முடிந்தால் தகப்பனையும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த ஒரு சோதனை முறை உண்டு: ஒரு வயது தாண்டிய நாயை மூன்று நிமிடம் மிதமான ஓட்டமாக நடக்க வைத்து, அதற்கு முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் கொடுப்பார்கள். பூஜ்யமும் ஒன்றும் ஆறுதலானவை. மூன்று என்றால் அந்த நாயைக் கொண்டு இனப்பெருக்கமே செய்யக் கூடாது. நீங்கள் மருத்துவர் அல்ல என்றாலும் காலை ஏழு மணிக்குப் போய், தாய் நாயை வாசலில் மூன்று நிமிடம் நடத்திக் காட்டச் சொல்லி, நின்ற பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள். நின்ற சில நிமிடங்களில் வாயை மூடி அமைதியாக மூச்சுவிட்டால் நல்ல அறிகுறி. உறுமல்போலவோ விசில்போலவோ தொடர்ந்து சத்தம் வந்தால், அந்தக் குட்டிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வாருங்கள்.

மூக்கின் துவாரம் திறந்து வட்டமாக இருக்கிறதா, வெறும் கோடாக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையே ஓரளவாவது மூக்குப் பகுதி நீண்டிருக்கும் நாயைத் தேர்ந்தெடுங்கள். நெதர்லாந்தில் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மூக்குப் பகுதி நீளமில்லாத நாயைக் கொண்டு இனப்பெருக்கம் செய்வதற்குத் தடை உண்டு. அந்த அளவைக் கண்ணளவாக நாமும் வைத்துக்கொள்ளலாம். “முகம் எவ்வளவு சப்பையோ அவ்வளவு ஒரிஜினல் சார்” என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். அன்று தலையாட்டினோம்; இன்றானால் வண்டியைத் திருப்பியிருப்போம்.

நிறத்தைக் காட்டி விலையேற்றுவது இந்தச் சந்தையின் பெரிய தந்திரம். நீலம் (உண்மையில் சாம்பல் சாயல்), லைலாக் (வெளிர் ஊதாச் சாம்பல்), மெர்ல் (திட்டுத்திட்டான நிறம்) என்று அபூர்வ நிறங்களுக்கு இரு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் கென்னல் சங்கங்களின் இன வரையறையில் இந்த நிறங்களுக்கு இடமே இல்லை. நீல நிற நாய்களில் சிலவற்றுக்கு முடி உதிர்ந்து தோல் கெடும். மெர்ல் நிறத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்ற குட்டிகளுக்குச் செவியும் பார்வையும் பாதிக்கப்படலாம். அபூர்வம் என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காமல், அதே பணத்தை அறுவைச் செலவுக்கென ஒதுக்கியவர்கள் புத்திசாலிகள்.

ஒரு பெண் குட்டி வாங்கி, ஒரு முறை குட்டி போட வைத்தால் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த இனத்தின் ஈனல்களில் பத்தில் எட்டு சிசேரியன் மூலமே நடந்தன என்று தெரியவந்தது. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல். அந்தக் கணக்கு வேண்டாம்.

ஆறாம் படி: வேறு வழிகளையும் ஒரு முறை பாருங்கள்

சிறிய உடல், அமைதி, பாசம் ஆகியவைதாம் தேவை என்றால் அவற்றைத் தரும் நாய் வேறும் உண்டு. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் மண்ணின் நாய்கள் என்று பலர் பரிந்துரைப்பார்கள். அவை ஓடப் பிறந்தவை, இரண்டு படுக்கையறை வீட்டில் அடைத்தால் அவற்றுக்கும் பாவம், உங்களுக்கும் பாவம். ஆனால் தெருவில் பிறந்து மீட்கப்பட்ட நாட்டு நாய்க் குட்டி ஒன்று, சென்னையின் ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடம் கிடைப்பது, வெயிலையும் மழையையும் உடம்பிலேயே அறிந்தது. வளர்ந்தால் பதினைந்து கிலோவுக்கு மேல் போகக்கூடும் என்பதையும், நடைப்பயிற்சி கூடுதலாக வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஃபிரெஞ்சு புல்டாக்தான் வேண்டும் என்பவர்கள், சமாளிக்க முடியாமல் முந்தைய குடும்பம் கைவிட்ட வளர்ந்த நாயை எடுப்பதைப் பற்றியும் யோசிக்கலாம். மூன்று வயது நாயின் மூச்சு எப்படி, முதுகு எப்படி, குணம் எப்படி என்பது கண்முன்னே தெரிந்துவிடும். குட்டியில் அது எதுவும் தெரியாது.

ஏழாம் படி: கொண்டுவரும் நாளைத் தேர்ந்தெடுங்கள்

முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் நாயை மார்கழி, தை மாதங்களில் கொண்டுவாருங்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்று மே மாதத்தில் கொண்டுவராதீர்கள். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றும் ஹார்னெஸ் வாங்குங்கள். கழுத்தில் இழுத்தால் ஏற்கெனவே குறுகிய வழி இன்னும் நெரியும். தரைத் தொட்டியின் மூடியையும் கிணற்றையும் நீச்சல் குளத்தையும் சரிபாருங்கள். தலை கனத்து உடல் குட்டையான இந்த நாய் நீரில் மிதக்காது, மூழ்கும். வாடகை வீடானால் உரிமையாளரிடம் வாய்மொழியாக அல்லாமல் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் போட்டு, அந்தச் சான்றோடு மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் எடுத்துவிடுங்கள். நடைப்பயிற்சி விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அல்லது இரவு எட்டு மணிக்குப் பிறகு. தார்ச் சாலையில் புறங்கையை ஐந்தாறு விநாடி வைத்துப் பார்த்து, சுட்டால் நாயை இறக்கக் கூடாது.

வந்த முதல் வாரத்தில் குட்டி ஆழ்ந்து தூங்கும்போது அருகில் உட்கார்ந்து, விலா எழுந்து தாழ்வதை ஒரு முறையென்று வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். நிம்மதியாகத் தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த எண்ணையும் தேதியையும் எடையையும் ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒரு முறை தொடருங்கள். போண்டாவின் நோட்டு இப்போது மூன்றாவது. கடந்த ஐப்பசியில் 22 என்றிருந்தது, மாசியில் 24, சித்திரையில் ஒரு நாள் 33 என்று வந்ததும் அக்கா அன்று மாலையே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.